விடியற்கால விறைப்பு: சப்பிரகமுவத் தோட்டங்களில் மூட்டுவாதம்

நோய்களுட் சில உயிரைக் கொண்டுபோவன. சில உயிரை விட்டுவைத்து உடலின் பயனைக் கொண்டுபோவன. முன்னையவற்றைக் கண்டால் ஊரே அஞ்சும். நள்ளிரவிலும் வண்டி தேடி வைத்தியசாலைக்கு விரையும். பின்னையவற்றுக்கு அஞ்சுவார் இலர். "வயது போய்விட்டது, அப்படித்தான் இருக்கும்" என்னும் ஒரு வாக்கியத்தினாலே அவை மூடிவைக்கப்படுகின்றன. அவ்வாறு மூடிவைக்கப்படுவனவற்றுள் முதலிடம் பெறுவது மூட்டுவாதம். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையுங் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்திலே, தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் இந்நோயோடு முதுமையைக் கழிப்போரைக் குறித்து இம்மலரிலே சில சொல்ல விழைகின்றோம். யாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிப்பது எமது தொழில். எனினும் இப்பொருளிலே தமிழாசிரியனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

முதலிற் சொல்லை நோக்குவோம். எலும்போடெலும்பு கூடும் இடத்தை மூட்டு என்றும் சந்தி என்றும் வழங்குகின்றோம். எழுத்தோடெழுத்துக் கூடும் இடத்தையும் இலக்கண நூலார் சந்தி என்றே கூறினர். நன்னூலார் பதவுறுப்புக்களை ஆறெனக் கொண்டு, சந்தியையும் விகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தமை மாணவர் அறிந்ததே. உடம்பிலும் அவ்வைப்புமுறை மாறுவதில்லை. சந்தி பழுதுபடின் விகாரம் பின்னே வந்துசேரும். இனி, இந்நோயின் கொடிய வகையை முடக்குவாதம் என்பர். முடங்குதல் தன்வினை, முடக்குதல் பிறவினை. நோயாளி தாமாக முடங்கினாரல்லர். நோய் அவரை முடக்கிற்று. இவ்வேறுபாடு வெறும் இலக்கண நயமன்று. தோட்டத்துப் பிரட்டுக்களத்திலே ஒருவருடைய நாட்சம்பளம் இதனைப் பொறுத்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

மூட்டு நோவு என்று பொதுப்படச் சொல்லப்படுவது இருவகைப்படும். ஒன்று தேய்மானத்தால் வருவது. நெடுங்காலம் பாரஞ் சுமந்த முழங்காலிலும் இடுப்பிலும் எலும்பின் முனையைப் போர்த்துள்ள குருத்தெலும்பு மெலிந்துபோக, நடக்குந்தோறும் நோவு மிகும்; உட்கார்ந்தாற் குறையும்; மாலையிலே கூடும். மற்றையது அழற்சியால் வருவது. உடலைக் காக்கவென அமைந்த நோயெதிர்ப்பு ஆற்றல், பகைவனையும் உறவினனையும் பிரித்தறியாது, மூட்டின் உள்ளுறையையே தாக்குகின்றது. அவ்வுறை வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் அதன் அயலெலும்பையும் அரித்துவிடுகின்றது. கைவிரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுக்கள் ஆகியவற்றை இது முதலிற் பற்றும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒருங்கே பற்றும். தொட்டால் மென்மையாக வீங்கியும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். களைப்பு, உணவில் வெறுப்பு, சிறு காய்ச்சல் ஆகியனவும் கூட வரலாம். உலகில் வயது வந்தோருள் 200 பேருக்கு ஒருவர் முதல் 100 பேருக்கு ஒருவர் வரை முடக்குவாதம் உடையர் என்பர். ஆண்களிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. முப்பது வயதிலும் தொடங்கும். அறுபதுக்குப் பின்னரும் தொடங்கும். ஆதலின் முதியவருக்கு வரும் நோவெல்லாம் தேய்மானம் என்று கொள்ளுதல் தவறு.

இவ்விரண்டையும் பிரித்தறிதற்குக் கருவியொன்றும் வேண்டா. ஒரு வினாவே போதும். "விடிந்து எழுந்தபின் கை கால் வழிக்கு வர எவ்வளவு நேரஞ் செல்கின்றது?" என்பதே அவ்வினா. தேய்மானமுடையார் சில நிமிடங்களில், மிஞ்சினால் அரைமணி நேரத்துள், நடமாடத் தொடங்குவர். அழற்சியுடையாருக்கு ஒரு மணித்தியாலமும் போதாது. சிலருக்கு முற்பகல் முழுவதும் அதிலேயே கழியும். ஓய்வு கொடுத்தால் இவர்களுடைய விறைப்புக் குறையாது, கூடும். மெல்ல மெல்ல இயங்கினாற் குறையும். இரவிலே அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குருதியில் ஏறுகின்றன. அதனைத் தணிக்கும் இயற்கைச் சுரப்போ இரவில் மிகக் குறைந்திருந்து, விடியலை அண்டியே உயரத் தொடங்குகின்றது. அசையாது கிடந்த மூட்டிலே நீரும் தேங்குகின்றது. இவையெல்லாம் ஒருங்கு கூடும் வேளையே விடியற்காலை.

அவ்வேளையே தோட்டத்துக்கும் உரிய வேளை என்பதுதான் இங்குள்ள கொடுமை.

இறப்பர் மரத்தின் பால் வெயிலேறுமுன் நன்கு வடியும். மரத்தின் பாற்குழாய்களின் உள்ளழுத்தம் விடியலில் மிகுந்திருந்து, இலைகள் வெயிலில் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் குறைந்துவிடுகின்றது. ஆகவே பால் வெட்டுவோர் இருள் பிரியும்போதே மலைக்கு ஏறவேண்டும். ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மரம். ஒவ்வொன்றிலும் பட்டையை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாமற் சீவவேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் புண்படும். ஆழம் குறைந்தாற் பால் வராது. வெட்டு மரத்தின் அடியில் இருப்பின் குனியவேண்டும்; உயரத்தில் இருப்பின் கையை மேலே நீட்டவேண்டும். விரல் மடங்காத கையால் இது ஆவதொன்றன்று. தேயிலையும் அவ்வாறே. கொழுந்தெடுப்போர் நம்பியிருப்பது பெருவிரலையும் அதனை அடுத்த விரல்களையும். முடக்குவாதம் முதலிற் குறிவைப்பதோ சுட்டுவிரலினதும் நடுவிரலினதும் அடிமூட்டுக்களை. ஈண்டு ஒன்று கூறல் வேண்டும்: வேலைதான் முடக்குவாதத்தைத் தோற்றுவித்தது என்று யாம் சொல்லவில்லை. மாடிவீட்டிலிருப்போரையும் அது விடுவதில்லை. ஆயின் அது வந்தபின் எவருடைய கஞ்சியிற் கைவைக்கின்றது என்பதே வேறுபாடு.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே எமது மாணவன் ஒருவனுடைய பாட்டியார் இருக்கின்றார். இருபத்தேழாண்டு பால் வெட்டியவர். ஐம்பத்திரண்டாம் வயதில் அவருடைய விரல்கள் வீங்கத் தொடங்கின. பிரட்டுக்குப் பிந்தி வந்தார், அரைப்பேர் போடப்பட்டது. மறுநாளும் பிந்தினார், மறுநாளும் அரைப்பேர். நண்பகலுக்குமேல் அவரே பீலியடியிலிருந்து குடத்தில் நீர் கொண்டுபோவதைக் கண்ட அயலவர், "காலையில ஏலாது, மத்தியானம் ஏலுமாம்" என்று நகைத்தனர். நோயின் மிகத் தெளிந்த அடையாளம் எதுவோ, அதுவே அவர் பொய் சொல்லுகின்றார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அவர் எம்மிடம் சொன்ன சொல் இது: "ஐயா, வலியக்கூடப் பொறுத்துக்குவேன். சோம்பேறின்னு சொன்னாங்க பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல." முடங்கினார் என்று எண்ணப்பட்டவர் முடக்கப்பட்டவரே. தன்வினை பிறவினை மயக்கம் தேர்வுத் தாளிலாயின் இரண்டு புள்ளி. அங்கே அரைநாட் கூலி.

ஐந்தாறு ஆண்டு இவ்வாறு கழிந்தது. இடையிலே தனியார் மருந்தகமொன்றில் ஊசி போட்டுக்கொண்டார். போட்ட மூன்று நாள் பறவைபோல் இருக்கும். நான்காம் நாள் பழையபடி. பின்னர், மகன் அழைத்துச்செல்ல, கரவனல்லை ஆதார வைத்தியசாலைக்கும் அங்கிருந்து வாதநோய்ச் சிகிச்சைக்கும் போனார். மூன்று மணித்தியாலமாயிருந்த விடியற்கால விறைப்பு இப்பொழுது அரைமணியாகக் குறைந்துள்ளது. பேரனுக்குத் தாமே தலைவாரி விடுகின்றார். ஆயின் கோணிய விரல்கள் கோணியவையே. பலருக்கு நோய் தொடங்கிய முதலிரண்டு ஆண்டுக்குள்ளேயே எலும்பரிப்புத் தொடங்கிவிடும் என்றும், அக்காலத்துள் மருந்து தொடங்கினால் விரலைக் காத்தல் கூடும் என்றும் வைத்திய நூலோர் கூறுவர். பாட்டியார் இழந்தது அந்த இரண்டு ஆண்டையே.

ஏழைப் பெண்களுடைய நோயாகவே இது மருத்துவ நூலுள் முதற்கண் புகுந்தது என்பது பலர் அறியாதது. 1800 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துச் சால்பெத்திரியே வைத்தியசாலையில் இருந்த லாந்திரே-போவே என்னும் இளம் வைத்தியர், அங்கு நெடுநாள் தங்கியிருந்த பெண்கள் ஒன்பதின்மரைக் கண்டு தமது பட்டத்துக்குரிய ஆய்வினை எழுதினார். அக்காலத்து வைத்தியர் மூட்டு வீக்கத்தையெல்லாம் செல்வருக்கு வரும் 'கவுட்' என்னும் நோயாகவே கருதினர். இவரோ, இது வறியவரையும் ஆண்களினும் பெண்களையுமே மிகுதியாகப் பற்றுகின்றது, ஆதலின் வேறாகும் என்றார். இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயரை இதற்குச் சூட்டியவர் இலண்டனைச் சேர்ந்த ஆல்பிரட் கரோட், ஆண்டு 1859. செல்வருள்ளும் இதனாற் பீடிக்கப்பட்டோர் உளர். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் (1841-1919) தம் இறுதி இருபதாண்டிலும் மேலாக இதனோடு வாழ்ந்து, விரல் மடங்காத கையாலேயே ஓவியந் தீட்டினார். தூரிகையை எடுத்து அவர் கையிற் பொருத்தப் பிறர் அருகே இருந்தனர். திருக்குறள் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுபவனையும் ஒரு கூறாக எண்ணியது காரணமின்றியன்று.

சப்பிரகமுவத்துக்கென்றே இந்நூற்றாண்டில் வந்துசேர்ந்த மற்றொரு வாதத்தையும் சொல்லாது விடுதல் ஆகாது. 2006 ஆம் ஆண்டின் இறுதியிலே சிக்குன்குன்யாக் காய்ச்சல் இலங்கையின் கரையோர மாவட்டங்கள் சிலவற்றிற் பரவிற்று. 2008 இலே அது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைத் தாக்கியது. 1952, 1953 ஆம் ஆண்டுகளிலே தங்கனிக்காவின் மக்கொண்டே மேட்டுநிலத்திற் பரவிய காய்ச்சலுக்கு அந்நாட்டு மக்கள் இட்ட பெயர் அது. வளைந்துபோதல் என்பது பொருள். பொருத்தமான பெயர். ஆசியப் புலி நுளம்பு இதனைப் பரப்புவனவற்றுள் ஒன்று. மழைநீர் தேங்கிய சிரட்டை அதற்குத் தொட்டில். பால் வெட்டாத மழைநாளிலே இறப்பர் மரத்திற் கட்டிய சிரட்டை நிமிர்ந்தே இருக்குமாயின், மரத்துக்கொரு தொட்டிலாக மலை முழுவதும் தொட்டிலாகும். கேரளத்து இறப்பர்த் தோட்டங்களிலே 2007 இல் இது நன்கு காணப்பட்டது. சிரட்டையைக் கவிழ்த்துவைத்தல் ஒரு நொடி வேலை. அதனைச் செய்யாது விடுவதன் விலை பல ஆண்டு நோவு.

பல ஆண்டு என்று யாம் மிகைப்படுத்தவில்லை. சிக்குன்குன்யா வந்தவருட் பெரும்பாலார் சில கிழமைகளிற் குணமடைவர். ஒருசாராருக்கு, அவருள்ளும் நடுவயது கடந்தோருக்கும் முன்னரே மூட்டுநோய் உடையோருக்கும், நோவும் விறைப்பும் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நீளும். சிலருக்கு அது முடக்குவாதத்தைப் போலவே தோன்றும். 2008 இலே நாற்பத்தைந்து வயதிலிருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். "அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் இது" என்று சொல்லும் முதியோரைத் தோட்டங்களிற் கண்டிருக்கின்றோம். அவர் சொல்வதை வைத்தியர் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் அக்காய்ச்சலால் வந்ததும் முடக்குவாதமும் குருதிச் சோதனையாலும் காலப்போக்காலும் பிரித்தறியத்தக்கன. காய்ச்சல் வேளையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. டெங்குக் காய்ச்சலும் இம்மாவட்டங்களில் உண்டு. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் காய்ச்சலோடு மூட்டு நோகும்போது பரசிற்றமோல் அன்றி வேறு நோவு மாத்திரைகளைத் தாமாக விழுங்குதல் கூடாது. டெங்காயின் குருதிப் பெருக்குக்கு அவை வழிவிடும்.

நுளம்பைப் பேசப் புகுந்தமையால், நுளம்பால் வந்த நன்மை ஒன்றையும் பேசுவோம். 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிதாகத் தாக்குண்ட இடங்களுட் கேகாலை மாவட்டம் ஒன்று. நிவாரணப் பணியிலே பருப்புங் கொண்டு ஊரூராகச் சென்ற கலாநிதி என். எம். பெரேரா 1936 இலே உறுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மலேரியாவை ஒழித்த நாடென்று 2016 செத்தெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. ஆயினும் மலேரியா மருந்தின் வேலை முடியவில்லை. 1951 இலே இங்கிலாந்து வைத்தியர் ஒருவர், மலேரியா மருந்து மூட்டழற்சியையும் தணிப்பதைக் கண்டு எழுதினார். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஐதரொட்சிகுளோரோகுயின் இன்று முடக்குவாதத்துக்கு வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று. அதனை நெடுநாள் உட்கொள்வோர் கண்ணைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

இப்போது முதன்மையாக வழங்கப்படுவது மெதொட்ரெக்சேற். இதனைக் குறித்து யாம் அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று: இது நாள்தோறும் உண்ணும் மாத்திரையன்று, கிழமைக்கு ஒருமுறை உண்ணுவது. நாள்தோறும் உண்டவர் உயிரிழந்ததுண்டு. மருந்துறையில் எழுதியிருப்பது ஆங்கிலமாகவோ சிங்களமாகவோ இருக்கலாம். உண்பவர் எந்த மொழியும் வாசிக்கத் தெரியாத முதியவராக இருக்கலாம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை எவனோ அவன் உறையின்மேல் "ஞாயிறு மட்டும்" என்று தமிழிற் பெரிதாக எழுதிவைப்பானாயின், அது அவன் எழுதும் கட்டுரை பலவற்றினும் பயனுடையதாகும். இம்மருந்தோடு போலிக்கமிலம் என்னும் விற்றமினும் கொடுக்கப்படும். அதனை வைத்தியர் குறித்த நாளில் உண்ணவேண்டும். குருதிச் சோதனை தவறுதல் ஆகாது. கள்ளும் சாராயமும் ஈரலைக் கெடுக்குமாதலின் விலக்கத்தக்கன. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை செல்லும். மூன்றாம் கிழமையிலே "இது வேலை செய்யவில்லை" என்று எறிந்துவிடுவோரே பலர்.

எறிந்துவிட்டு அவர் போகுமிடம் ஊசி போடும் மருந்தகம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட்டு வகை. இதன் வரலாறும் வியப்புடையது. 1948 செத்தெம்பரிலே அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திற் பிலிப் ஹெஞ்சு என்பார், படுக்கையை விட்டு எழமுடியாதிருந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருத்திக்குக் கோட்டிசோன் கொடுத்தார். சில நாளுள் அவள் எழுந்து நடந்தாள். 1950 இலே ஹெஞ்சும் கெண்டலும் ரைக்ஸ்ரைனும் நோபெல் பரிசு பெற்றனர். உலகம் மகிழ்ந்தது, அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. முகம் உப்பியது; எலும்பு நொறுங்கியது; சலரோகமும் குருதியழுத்தமும் ஏறின. வைத்தியர் கண்காணிப்பிலே சிறிதளவாகச் சிறிது காலம் கொடுப்பின் இம்மருந்து இன்றும் பயனுடையதே. பெயர் எழுதாத உறையில் வாங்கி ஆண்டுக்கணக்காக விழுங்குவதுதான் கேடு. அவ்வாறு நெடுநாள் உண்டவர், இதைக் கேட்டு அஞ்சிச் சட்டென்று நிறுத்திவிடுதலும் ஆபத்து. மாத்திரையைக் கையிலெடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியரிடம் சென்று காட்டிப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்போர்க்கும் ஒரு சொல். சித்த நூல்கள் வாதநோயை எண்பதாக வகுத்தன. அவ்வளவு நுணுக்கமாக நோவை நோக்கியவர்கள் நம் முன்னோர். வேலியோரத்திற் படரும் முடக்கொத்தானை எடுத்துக்கொள்க. முடக்கு அற்றான் என்பதே அப்பெயரின் மூலம். சிங்களத்தவர் அதனை வெல்பெனெல என்பர். நொச்சியிலை இட்ட வெந்நீர், எண்ணெய்ப் பூச்சு, ஒத்தடம் ஆகியன விறைப்புக்கு இதமளிப்பன. இவற்றை யாம் விலக்கவில்லை. எலும்பை அரிக்கும் அழற்சியை இவை நிறுத்தும் என்று நம்பி முதலிரண்டு ஆண்டைக் கழித்தலையே விலக்குகின்றோம். மழையைப் பற்றிய நம்பிக்கையும் இத்தகையதே. இரத்தினபுரிப் பகுதி நாட்டிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. மப்புப் போட்டவுடன் மூட்டுக் குடைவதாகச் சொல்லாதவர் இலர். ஈரமுங் குளிரும் நோவின் உணர்ச்சியைக் கூட்டலாம், நோயைத் தோற்றுவிப்பதில்லை. ஈரச்சேலையோடு நில்லாது மாற்றிக்கொள்க என்பதற்குமேல் மழைக்கு மருந்தில்லை.

மருந்து ஒருபுறமிருக்க, நாளை எவ்வாறு கழிப்பது என்பதே முதியவருக்குப் பெருங்கேள்வி. லயன் காம்பராவோ ஒரறையும் ஓர் இஸ்தோப்பும். நீர்க்குழாய் படிக்கட்டின்கீழ், மலசலகூடம் இன்னும் தாழ, அதிலும் குந்தியிருத்தல் வேண்டும். முழங்கால் மடங்காதவருக்கு நாளின் மிகப் பெரிய துன்பம் யாதென்று கேட்டாற் பலர் நாணத்தாற் சொல்லார், சொல்லின் இதுவே. பழைய பலகைக் கதிரையின் நடுவிலே துளையிட்டுக் குழியின்மேல் வைத்தலும், சுவரிலே கைபிடிக்க ஒரு கம்பு பொருத்துதலும் தச்சன் ஒருவனின் அரைநாள் வேலை. இதற்கு மருந்துச் சீட்டு வேண்டா. நம் பழைய மாணவருட் பலர் மருந்து வாங்கப் பணம் அனுப்புகின்றனர். தச்சனுக்கு அனுப்புவார் அரியர்.

காலையிலே படுக்கையை விட்டு எழுமுன், படுத்தபடியே விரல்களை விரித்து மடக்கியும் கணுக்காலைச் சுழற்றியும் பத்து நிமிடம் செலவிடுக. எழுந்ததும் வெந்நீரிலே கையை அமிழ்த்தி அதனுள்ளேயே விரல்களை அசைக்க. பானையை விரலாற் பற்றாது இரு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குக. கத்தி, கரண்டி, துடைப்பம் ஆகியவற்றின் பிடியிலே பழந்துணியையோ பழைய இறப்பர்க் குழாயையோ சுற்றித் தடிப்பாக்குக. தடித்த பிடி விரலை வருத்தாது. துணியை முறுக்கிப் பிழியாது, கம்பத்திற் சுற்றிப் பிழிக. பையைக் கையிலே தொங்கவிடாது தோளிலே மாட்டுக. வீங்கிச் சிவந்த நாளிலே அம்மூட்டுக்கு ஓய்வு. வீக்கம் தணிந்த நாளிலே இயக்கம். ஓய்வே மருந்தென்று இஸ்தோப்பிலே உட்காரவைக்கப்பட்ட முதியோரின் தசை மெலிந்து, சில மாதங்களில் எழுந்திருக்கவும் மாட்டாராகின்றனர். அன்பு மிகுந்த வீடுகளிலேதான் இது மிகுதியும் நிகழ்கின்றது. புகைத்தல் இந்நோயைத் தூண்டுவதும் வளர்ப்பதும் ஆகலின், சுருட்டும் பீடியும் கைவிடத்தக்கன.

தோட்டத் தொழிலாளருக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒருமுறை வந்து ஒருமுறையே செலவாகிவிடுவன. ஆதலின் ஓய்வுக்குப் பின்னரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்வோர் பலர். நம் கல்லூரியிற் கற்று இன்று தோட்டங்களில் உத்தியோகம் வகிப்போர் இதனை வாசிப்பராயின், அவரிடம் யாம் கேட்பது சலுகையன்று. விறைப்புடையாரென வைத்தியர் சான்றளித்தவருக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை, பாற்கொட்டிலிற் பால் அளக்கும் வேலை, நாற்றுமேடை வேலை ஆகியவற்றுள் ஒன்றை, அதுவும் வெயிலேறியபின் தொடங்குவதாக, ஒதுக்குதல் அவர்கள் கையிலேயே உள்ளது. காலையில் இயலாதது நண்பகலில் இயலுமென்பது இந்நோயின் இயல்பு என்று பிரட்டுக்களத்தில் ஒருவர் அறிந்திருந்தாற்கூடப் போதும்.

இனி, தமிழாசிரியன் பங்கு. யாழ்ப்பாணத்து வழக்கிலே நோகின்றது, உளைகின்றது என்போம். தோட்டத்து வழக்கிலே வலிக்கின்றது, கொடைகின்றது என்பர். விறைப்பு என்ற சொல்லை நோய்க்குரியதாக இவ்விரு வழக்கினரும் பெரிதும் ஆள்வதில்லை. "ஒடம்பெல்லாம் வலி" என்கின்றார் பாட்டியார். தமிழ் சிறிது அறிந்த வைத்தியர் உடல்நோவு என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகின்றார். இருவர்மீதும் குற்றமில்லை, இடையிலே சொல் இல்லை. வைத்தியர் சிங்களவராயின் மூட்டை அவர் ஹந்திய என்பார். அது நம் சந்தியே. காலையை உதே என்பார். அது நம் உதயத்துக்கு உறவு. வீக்கத்துக்கு இதிமும என்பது அவர் சொல். இம்மூன்றையும் அறிந்து உடன்செல்லும் பேரப்பிள்ளை நல்ல மொழிபெயர்ப்பாளன்.

வைத்தியசாலைக்குப் போகுமுன் ஒரு கொப்பியிலே இவற்றைத் தமிழில் எழுதிக்கொள்க: எந்தெந்த மூட்டு, இரு பக்கமுமா, எத்தனை மாதமாக, விடியலில் எழுந்தபின் கை முழுதாக மூட எத்தனை மணி ஆகின்றது, வீக்கம் உண்டா, 2008 இலோ பின்னரோ சிக்குன்குன்யா வந்ததா, இதுவரை உண்ட மாத்திரை எவை. வீக்கத்தோடு ஆறு கிழமைக்குமேல் விறைப்பு நீடிப்பின், பலாங்கொடை, கரவனல்லை போன்ற ஆதார வைத்தியசாலையிலோ இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளிலோ காட்டி, வாதநோய் நிபுணரிடம் அனுப்புமாறு வெளிப்படையாகக் கேட்கலாம். இராகமையிலே இந்நோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே அரசாங்க வைத்தியசாலை ஒன்று உண்டு. போகும் நாளிலே காலை மாத்திரையையும் உறைகளையும் கொப்பியோடு ஒரு பொலித்தீன் பையிலிட்டு எடுத்துச் செல்க; அங்கே மழை எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. வைத்தியர் காண்பது முற்பகல் பத்து மணிக்காயின் அதற்குள் விரல்கள் ஒருவாறு இளகியிருக்கும்; ஆறு மணிக்கு அவை எப்படி இருந்தன என்பதைக் கொப்பிதான் சொல்லவேண்டும்.